ராயபுரத்து பாக்சிங்கும் ஹாங்காங் விங் சுன்னும்: புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, ராயபுரத்தில் பாக்சிங் பழகிவிட்டு வேலைக்காக ஹாங்காங் வந்திருக்கிறீர்கள். வீட்டுப் பக்கத்தில் விங் சுன் என்ற தென்சீனச் சண்டைக்கலையைச் சொல்லித்தரும் ஒரு பள்ளியை எட்டிப் பார்த்தால் பாதி அசைவு ஏற்கெனவே தெரிந்ததுபோல இருக்கிறது. ஆபீஸில் ஒருவரோ பாக்சிங்கே சீனாவிலிருந்து போனதுதான் என்கிறார். அது உண்மையா, விங் சுன் சேர்ந்தால் பழகிய கை கெட்டுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில் குடியேறி ரொம்ப வருடமாகிறது. இரண்டையும் பழகி வருவதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் அங்கே பார்த்தது இன்றைய பாக்சிங்கோடு ஒத்துப்போவதைவிட இருநூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேய பாக்சிங்கோடுதான் அதிகம் ஒத்துப்போகும். அந்தக் காலத்துப் படங்களைத் தேடிப் பாருங்கள். உடம்பு நிமிர்ந்திருக்கும், இரண்டு கையும் முன்னால் நீண்டிருக்கும். வருகிற குத்தை முன்னங்கையால் தட்டிவிடுவார்கள். 1743இல் ஆங்கிலேய பாக்சர் ஜாக் பிராட்டன் வகுத்த விதிகளில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்றுதான் இருந்தது. மேலே பிடிக்கலாம், தூக்கிப் போடவும் செய்யலாம். 1867இல் குயின்ஸ்பெரி விதிகள் வந்து கிளவுஸ் கட்டாயமாகி, மல்யுத்தப் பிடி விலக்கப்பட்ட பிறகுதான் உங்களுக்குத் தெரிந்த பாக்சிங் உருவானது. வெறுங்கையால் நடந்த கடைசிப் பெரிய ஹெவிவெயிட் பட்டப் போட்டி 1889இல் அமெரிக்க பாக்சர்கள் சல்லிவனும் கில்ரெய்னும் மோதியது. 75 ரவுண்டு போனது!

இந்த மாற்றத்தில்தான் விஷயம் இருக்கிறது. கிளவுஸ் இருந்தால் அதன் பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்ளலாம், மண்டையில் ஓங்கி அடித்தாலும் கைக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. வெறுங்கைக்கு அந்த வசதி கிடையாது. நெற்றியில் பட்டால் கை எலும்புதான் உடையும். அதனால் வெறுங்கையால் மோதியவர்கள், ஊர் எதுவானாலும், குத்து நெருங்குமுன் தட்டிவிடவும், நேர்க்கோட்டில் குறுகிய குத்து விடவும், முஷ்டியை (கட்டைவிரல் மேலே இருக்கும்படி) நிமிர்த்திப் பிடிக்கவும் பழகினார்கள். மனித உடம்பின் எலும்பும் மூட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதானே. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கப்பல்காரர்கள்தான் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள் என்ற கதையை இங்கே அடிக்கடி கேட்பீர்கள். நான் அதை நம்பவில்லை. லண்டனில் ஜேம்ஸ் ஃபிக் என்ற பாக்சர் பள்ளி நடத்தியது 1719 வாக்கில். விங் சுன்னில் வரலாற்று மனிதராக உறுதியாகக் கைகாட்ட முடிகிறவர் ஃபோஷான் நகரத்து வைத்தியர் லியுங் ஜான். அவர் 19ஆம் நூற்றாண்டுக்காரர், ஃபிக்குக்கு ரொம்பப் பிந்தியவர். அதற்கு முன்பே ஒரு பௌத்த பிக்குணி விங் சுன்னை உருவாக்கினார் என்ற கதை எல்லாம் செவிவழி வந்தது.

அப்புறம், நம் ஆட்கள் உடனே போதிதர்மரை இழுப்பார்கள். அவர் காஞ்சியிலிருந்து போனவர் என்ற மரபு எனக்கும் பிடித்ததுதான். ஆனால் சீனாவின் ஷாவோலின் மடத்தில் சண்டைக்கலையை அவர் சொல்லிக்கொடுத்தார் என்பதற்கு மூலமாகக் காட்டப்படும் நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, அவருக்கு ஆயிரம் வருடம் பிந்தியது. சீன நண்பர்களிடம் இதை வாதமாக வைக்காதீர்கள்.

உண்மையான தாக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான், பெரும்பாலும் மேற்கிலிருந்து சீனத்துக்கு வந்தது. அதைப் பார்க்க இந்த ஊரைவிட நல்ல இடம் கிடையாது. இப் மேன் என்ற ஆசானிடம் விங் சுன் பழகிய நடிகர் புரூஸ் லீ, 1958இல் இங்கே பள்ளிகளுக்கு இடையிலான பாக்சிங் போட்டியில் கிளவுஸ் மாட்டி ஜெயித்தார். அமெரிக்கா போன பிறகு முகமது அலியின் சண்டைகளைப் படச்சுருளில் போட்டுப் போட்டுப் பார்த்தார். முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சி 1950இல் எழுதிய பாக்சிங் நூல் அவர் ஊன்றிப் படித்தவற்றில் ஒன்று. நிமிர்ந்த முஷ்டி, சுண்டுவிரல் பக்கத்து முட்டிகளின் வழியே பாயும் பலம் என்று டெம்ப்சி விளக்குவது விங் சுன்காரர் காதில் சொந்த ஊர்ப் பேச்சாகத்தான் விழும். அந்தப் பாலத்தின் மேல் நின்றுதான் லீ ஜீத் குன் டோ என்ற தன் சொந்தச் சண்டைமுறையைக் கட்டினார் என்பது என் எண்ணம். வாள்சண்டையின் காலடியும் அதில் சேர்ந்தது.

சீனப் பெருநிலத்தில் கதை வேறு. அங்கே 1959இல் பாக்சிங்கைத் தடை செய்து 1986இல்தான் திரும்ப அனுமதித்தார்கள். சான்டா என்ற போட்டிச் சண்டையில் பாக்சிங் குத்தும் சீன மல்யுத்தத் தூக்கும் உதையும் கலந்திருக்கின்றன. சிறுவயதில் வூஷூ என்ற சீனச் சண்டைக்கலை பழகிய சீன பாக்சர் சோவ் ஷிமிங் 2008லும் 2012லும் ஒலிம்பிக் பாக்சிங் தங்கம் வாங்கினார்.

சரி, உங்கள் கை கெடுமா? கெடாது, ஆனால் முதல் சில மாதம் குழப்பும். விங் சுன்னின் சி சாவ் (ஒட்டும் கை) பயிற்சியில் எதிராளியின் கையைத் தொட்டபடியே அழுத்தத்தை உணர வேண்டும். பாக்சரோ குத்திய வேகத்தில் கையை இழுத்துக்கொள்வார், தொடவே விடமாட்டார். உங்கள் தலையசைவையும் அங்கே குறையாகச் சொல்வார்கள். ஹுக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) வரும்போது பல விங் சுன் மாணவர்கள் திணறுவதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் ஸ்பாரிங்கை, அதாவது எதிராளியோடு பயிற்சிக்காக மோதுவதை, விட்டுவிடாதீர்கள், வாரம் ஒருமுறையாவது பாக்சிங் ஜிம்முக்குப் போங்கள்.

சேருவதற்கு முன் பாக்சிங் தெரியும் என்று சீஃபுவிடம் (ஆசானிடம்) சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு முதல் நாளே ஜேப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) காட்டினால் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு முன் சேர்ந்தவர் வயதில் சின்னவராக இருந்தாலும் சிஹிங், அதாவது அண்ணன். முழு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள். ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்த்து, கிளவுஸ் போட்டு மோதவிடுகிறார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த பள்ளியைப் பாருங்கள், கவுலூனில் பள்ளிக்குப் பஞ்சமில்லை.