மூட்டைப்பூச்சி: முதலில் தேடுங்கள், பிறகு மருந்து

தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்ட் என்று மும்பையின் பல பக்கமிருந்தும் வந்த மூட்டைப்பூச்சிக் கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மாட்டுங்கா: காலையில எழுந்தா கையில வரிசையா மூணு நாலு தடிப்பு இருக்கு சார். மூட்டைப்பூச்சிதானா?

தடிப்பை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே கட்டிலில் படுக்கும் இருவரில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடிக்கும், மற்றவருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குக் கடித்த மறுநாள் தடிக்கும், சிலருக்குப் பல நாள் கழித்துத்தான் தெரியும். மும்பையில் இன்னொரு சந்தேகமும் உண்டு. ஜன்னல் ஏசிக்குப் பின்னால் புறாக்கூடு இருந்தால், குஞ்சுகள் பறந்த பிறகு கூட்டில் இருந்த சிற்றுண்ணிகள் வீட்டுக்குள் வந்து மனிதரைக் கடிக்கும். அதற்குக் கட்டிலில் மருந்தடித்துப் பயனில்லை, கூட்டைத்தான் அகற்ற வேண்டும்.

மூட்டைப்பூச்சி என்றால் ஆதாரம் இருக்கும். விரிப்பிலும் மெத்தை ஓரத்திலும் பேனா முனையால் குத்தியது போன்ற கரும்புள்ளிகளைத் தேடுங்கள். ஈரப் பஞ்சால் தேய்த்தால் அந்தப் புள்ளி செம்பழுப்பாகக் கசிந்து பரவும். அது செரித்த ரத்தம், பூச்சியின் எச்சம். கூடவே வைக்கோல் நிறத்தில் காலியான தோல் கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

செம்பூர்: கடி இருக்கு, பூச்சி கண்ணுல படவே மாட்டேங்குது. எங்க வீட்டுல சாமான் வைக்கிற பெட்டிக் கட்டில். எங்க தேடுறது?

பெட்டிக் கட்டில்தான் இதற்குப் பிடித்த வீடு. இருட்டு, பிளைவுட் மூட்டு, திருகு ஓட்டை, பக்கத்திலேயே ஆள். ஒரு நல்ல டார்ச், பழைய ஏடிஎம் கார்டு, வெள்ளைத் தாள், அகல செல்லோடேப் எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைமாட்டிலிருந்து தொடங்குங்கள். விரிப்பை உதறாமல் உள்பக்கமாகச் சுருட்டி நேராகப் பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். மெத்தையின் விளிம்பில் தைத்திருக்கும் கயிற்று ஓரத்தை விரலால் பிரித்துப் பிரித்துப் பாருங்கள். கம்பெனி லேபிளுக்கு அடியிலும் நான்கு மூலை மடிப்பிலும் கட்டாயம் பாருங்கள். பிறகு மெத்தையை நிமிர்த்தி அடிப்பக்கம். கட்டிலில் இழுப்பறைத் தண்டவாளம், கீல், திருகுத் தலை, பிளைவுட் இரண்டு சேரும் இடம். ஒவ்வொரு இடுக்கிலும் கார்டை நுழைத்து இழுத்து, விழுவதைத் தாளில் பாருங்கள். கார்டு நுழையும் இடுக்கு எதுவானாலும் பூச்சியும் நுழையும். சுவரோடு திருகிய தலைமாட்டுப் பலகையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பல வீடுகளில் கூட்டம் அதன் பின்னால்தான் இருக்கும், அதைக் கழற்றாமலே எல்லாம் பார்த்தாயிற்று என்பார்கள்.

முட்டை ஒரு மில்லிமீட்டர் நீளம், வெள்ளை, பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கும். உதறினாலோ துடைத்தாலோ வராது, சுரண்ட வேண்டும். குஞ்சு கிட்டத்தட்ட நிறமில்லாமல் இருக்கும், ரத்தம் குடித்த பிறகுதான் சிவப்பாகக் கண்ணில் படும். வளர்ந்தது ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டர், தட்டை, செம்பழுப்பு.

கட்டிலில் ஒன்றும் இல்லையென்றால் அதைச் சுற்றி ஐந்தாறு அடிக்குள் தேடுங்கள்: சுவிட்சு போர்டு ஓரம் (மெயினை அணைத்துவிட்டு), காலண்டர், சாமி படத்தின் பின்பக்கம், திரைச்சீலை மடிப்பு, பிளாஸ்டிக் நாற்காலியின் அடிவிளிம்பு. கண்டதைச் செல்லோடேப்பில் ஒட்டி எடுத்து வையுங்கள். மருந்தடிக்க வருகிறவரிடம் காட்ட உதவும்.

முலுண்ட்: மெத்தையை மொட்டை மாடியில வெயில்ல போட்டா போயிடும்னு அம்மா சொல்றாங்க. சரியா?

பாதி சரி. சூடு கொல்லும், ஆனால் எவ்வளவு சூடு என்பதுதான் விஷயம். 45 டிகிரி செல்சியஸில் வளர்ந்த பூச்சி சாக ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும், முட்டைக்கு ஏழு மணி நேரம். 50 டிகிரியைத் தாண்டினால் முட்டையோடு சேர்த்துச் சீக்கிரம் செத்துவிடும். மும்பை வெயில் 33, 34 டிகிரி. மெத்தையின் மேல்துணி சுட்டாலும் பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துவிடும். ஐந்து அங்குலத் தேங்காய்நார் மெத்தையின் நடுப்பகுதிக்குச் சூடு போகவே போகாது.

தலையணை, பாய், செருப்பு, பை போன்ற மெல்லிய பொருள்களைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஏப்ரல், மே வெயிலில் சிமெண்டுத் தரையில் வைத்தால் பலன் உண்டு. நடுவில் ஒரு வெப்பமானியைச் செருகி, 50 காட்டுகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் இந்த வழியையே மறந்துவிடுங்கள்.

மெத்தைக்கு நல்ல வழி, ஆறு பக்கமும் மூடும் ஜிப் உறை. உள்ளே மாட்டியது வெளியே வர முடியாமல் பட்டினியில் சாகும். நம் ஊர்ச் சூட்டில் சில மாதங்களில் முடிந்துவிடும் என்றாலும் ஒரு வருடம் கழற்றாமல் வைப்பது நல்லது. ஜிப் முடியும் மூலையில் சின்ன இடைவெளி இருக்கும், அதன்மேல் டேப் ஒட்டுங்கள்.

தாராவி: வாஷிங் மெஷின் இல்லை அண்ணே. துணியை என்ன பண்றது?

60 டிகிரி சூட்டுத் தண்ணீர் போதும். கொதிக்கும் தண்ணீரை வாளியில் துணிமேல் ஊற்றி, முழுக்க அமுக்கி, மூடி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். வாளியைப் பாதிக்குமேல் துணியால் அடைக்காதீர்கள், சூடு உடனே இறங்கிவிடும். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். வெந்நீர் தாங்காத துணிக்கு, உலர்த்தும் இயந்திரம் உள்ள லாண்டரியில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். சுத்தமானதைப் புதுப் பையில் போட்டுக் கட்டுங்கள். கொண்டுபோன பையிலேயே திரும்பக் கொண்டுவந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

சயான் கோலிவாடா: கடையில வாங்கின ஸ்ப்ரே ரெண்டு டப்பா காலி. ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, மறுபடி வந்துடுச்சு. ஏன்?

மூன்று காரணம். அந்த ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. அதற்குத் தாக்குப்பிடிக்கும் பூச்சிகள் உலகம் முழுக்கவே பெருகிவிட்டன, இந்தியாவின் வெப்பமண்டல வகையும் அப்படித்தான். இரண்டாவது, நேரே பட்டால்தான் ஏதாவது ஆகும், இடுக்குக்குள் போகாது. மூன்றாவது, முட்டைக்கு ஒன்றும் ஆகாது. நம் வெப்பத்தில் ஆறு முதல் பத்து நாளில் முட்டை பொரித்துவிடும். மிச்சம் இருந்தவை கொஞ்சம் கலைந்து அலமாரிக்கும் சோபாவுக்கும் போயிருக்கும், அவ்வளவுதான். அறை முழுக்கப் புகை கக்கும் டப்பாவுக்கும் இதே கதிதான்.

டோம்பிவிலி: பெஸ்ட் கண்ட்ரோல் ஆளு 'ஹெர்பல் ஜெல், ஒரே தடவை, வாசனை இல்லை'ன்னு சொல்றார். நம்பலாமா?

ஜெல் என்றாலே வேண்டாம். ஜெல் கரப்பானுக்கு வைக்கும் இரை. மூட்டைப்பூச்சி ரத்தத்தைத் தவிர எதையும் உண்ணாது, ஜெல்லைத் தொட்டுக்கூடப் பார்க்காது.

கூப்பிடும்போது கேளுங்கள்: 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா, என்ன மருந்து, எத்தனை தடவை வருவீர்கள். இரண்டு தடவைக்குக் குறைந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் தடவைக்கும் இரண்டாவதற்கும் இடையே 12 முதல் 15 நாள் இருக்க வேண்டும். அதற்குள் பழைய முட்டைகள் எல்லாம் பொரித்திருக்கும், பொரித்தவை இன்னும் முட்டையிடும் வயதுக்கு வந்திருக்காது. முட்டை வளர்ந்த பூச்சியாக ஐந்தாறு வாரம் ஆகும். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அந்த இடைவெளி கையைவிட்டுப் போகும்.

அவர் வருவதற்குமுன் கட்டிலைக் காலி செய்து, மூட்டுகளைக் கழற்றி வையுங்கள். சாமானைப் பையில் கட்டாமல் அடுத்த அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். மருந்து காயும்வரை, குறைந்தது நான்கு மணி நேரம், எல்லோரும் வெளியே. மீன்தொட்டியை மூடுங்கள். பூனை இருந்தால் முன்பே சொல்லுங்கள், பைரித்ராய்டு மருந்துகள் பூனைக்கு ஆகாது. தரையைத் துடைக்கலாம், ஆனால் மருந்தடித்த ஓரங்களையும் இடுக்குகளையும் இரண்டாவது தடவை வரும்வரை கழுவ வேண்டாம்.

செம்பூர்: இவ்வளவு தொல்லை எதுக்கு, ரூமுக்குள்ள மாத்திரை வச்சுப் பூட்டிட்டுப் போனா போதும்னு ஒருத்தர் சொன்னாரு.

தயவுசெய்து வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். அது அலுமினியம் பாஸ்பைடு, தானியக் கிடங்குக்கான விஷம். காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வெளியேறும். கதவிடுக்கு, குழாய் ஓட்டை, வயர் போகும் பைப் வழியாக அடுத்த வீட்டில் தூங்கும் குழந்தைவரை போகும். முறிவு மருந்து கிடையாது. குடியிருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது. பக்கத்து வீட்டில் யாராவது வைத்திருந்து, பூண்டு அல்லது அழுகிய மீன் போன்ற வாடையோடு உங்களுக்கு வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால், எல்லோரும் உடனே வெளியே வந்து 108-ஐக் கூப்பிட்டு அந்த விஷத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

'டைக்ளோர்வாஸ்' என்று யாராவது பாட்டில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2020 டிசம்பர் 31-லிருந்து இந்தியாவில் அது தடை. மண்ணெண்ணெயும் வேண்டாம். பட்ட பூச்சி சாகலாம், ஆனால் மெத்தையும் மரக்கட்டிலும் தீப்பற்றக் காத்திருக்கும்.

முலுண்ட்: அப்போ மருந்தில்லாம நாமளே செய்யறதுக்கு என்னதான் இருக்கு?

நீராவி. துணி, மரம் இரண்டுக்கும் நல்லது, முட்டையும் சாகும். அகல முனை போட்டு, நொடிக்கு ஓர் அங்குலத்துக்குமேல் நகராமல் மெதுவாக இடுக்கை ஒட்டிக் கொண்டுபோங்கள். கடந்த உடனே அந்த இடம் 70 டிகிரிக்குக் குறையாமல் சுட வேண்டும். கூர்முனை போட்டால் ஆவியின் வேகத்தில் பூச்சி சாகாமல் தெறித்துத் தூர விழும். சுவிட்சு போர்டு பக்கம் நீராவி கூடவே கூடாது. இரும்புக் கட்டிலுக்கு நீராவிக் கருவிகூட வேண்டாம், கொதிக்கும் தண்ணீரைக் குழாய் மூட்டுகளில் நிதானமாக ஊற்றினால் போதும். குழாயின் திறந்த முனைகளை விட்டுவிடாதீர்கள். புத்தகம், பொம்மை போன்றவற்றை ஜிப் பையில் போட்டு மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு நாள் வைக்கலாம்.

டயட்டம் மண் (நுண்பாசிகளின் புதைபடிவ ஓட்டுத் தூள்) பூச்சியின் மேல்மெழுகை உரித்து உலர்த்திக் கொல்லும். ஒன்றிரண்டு வாரம் ஆகும், மழைக்கால ஈரத்தில் இன்னும் மந்தம். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இடுக்கில் தூவ வேண்டும். குவித்தால் பூச்சி சுற்றிப் போய்விடும், தூளும் உங்கள் மூச்சில் ஏறும். வேப்பிலை, வசம்பு, அந்துருண்டை எதுவும் கூட்டத்தை அழிக்காது.

தாராவி: கட்டில் காலுக்குக் கிண்ணம் வைக்கலாமா?

அவசியம் வையுங்கள், கட்டிலில் ஏற வரும் பூச்சி அதில் சிக்கும். ஆனால் வெளிநாட்டு வீடியோவில் பார்த்து வெறும் பிளாஸ்டிக் கிண்ணம் வைத்தால் ஏமாறுவீர்கள். குளிர் நாட்டு வகை வழுக்கும் சுவரில் ஏறாது, நம் வெப்பமண்டல வகை ஏறிவிடும். கிண்ணத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர், நாலு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். கொசு முட்டையிடாமல் இருக்கத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போடுங்கள், விரிப்பும் கொசுவலையும் தரையைத் தொடக் கூடாது. கிண்ணத்தில் விழுந்த பூச்சிகளைத் தினமும் எண்ணி எழுதி வையுங்கள்.

மாட்டுங்கா: பயத்துல எல்லாரும் ஹால்ல படுக்கிறோம்.

திரும்பிப் போய் அதே கட்டிலில் படுங்கள். கஷ்டம்தான், தெரியும். ஆள் இல்லாத அறையில் பூச்சி, மருந்தடித்த இடத்தைக் கடந்து வெளியே வராது, அல்லது உங்களைத் தேடி ஹாலுக்கு வரும்.

சயான் கோலிவாடா: கைக்குழந்தை தூளியில தூங்குது. நோய் ஏதும் வருமா?

மூட்டைப்பூச்சி கடித்து மனிதருக்கு நோய் பரவியதாக நிரூபணம் இல்லை. சொறிந்து புண்ணாகாமல் பாருங்கள், நகத்தை வெட்டிவிடுங்கள். தூளித் துணியை வாரம் இருமுறை வெந்நீரில் போடுங்கள். எல்லோரும் மறப்பது தூளிக் கட்டை. அதன் இருமுனை ஓட்டையிலும் கயிறு முடிச்சிலும் முட்டை இருக்கும். கட்டையில் கொதிநீர் ஊற்றுங்கள், கயிற்றைப் புதிதாக மாற்றுங்கள். தூளி மேல் மருந்து ஒரு சொட்டும் படக் கூடாது.

தாராவி: எங்க வீட்டுல அடிச்சாச்சு, ஒட்டுச் சுவர் வீட்டுக்காரங்க ஒத்துக்கல.

வெட்கத்தால்தான் பலரும் மறைக்கிறார்கள். அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முதலில் சொல்லுங்கள். இருபக்கமும் ஒரே நாளில் அடித்தால் சீக்கிரம் தீரும் என்றும் சொல்லிப் பாருங்கள். ஒப்பவில்லையென்றால் பொதுச் சுவரில் குழாய், வயர் நுழையும் ஓட்டைகளையும் சுவர் விரிசலையும் வெள்ளை சிமெண்டாலோ சிலிகான் பசையாலோ அடையுங்கள். கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள்.

டோம்பிவிலி: கிண்ணத்துல பத்து நாளா ஒண்ணும் விழல. ஜோகேஸ்வரி ஓஷிவாராவுல பழைய சோபா பார்த்து வச்சிருக்கோம், வாங்கலாமா?

பத்து நாள் போதாது. கடைசி மருந்துக்குப் பிறகு எட்டு வாரம் புதுப் புள்ளி, தோல், பூச்சி எதுவும் இல்லையென்றால் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். சோபாவை அதற்குப் பிறகு பாருங்கள். கடையிலேயே கவிழ்த்து, அடியில் ஸ்டேபிள் அடித்த கறுப்புத் துணியின் ஒரு மூலையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பிரிக்க மறுத்தால் அந்தக் கடை வேண்டாம்.