'ஃபர்ஸ்ட்'டில் 'ஒன்' எங்கே?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஃபோர்த், சிக்ஸ்த், செவன்த் என்று எண்ணின் வாலில் ஒரு 'த்' ஒட்டி வருவதைப் பார்த்துவிட்டு, பரீட்சையில் ஒன்த், டூத் என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டாள். "ஃபர்ஸ்ட்ல ஒன் எங்கேப்பா இருக்கு?" என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. தமிழில் இந்தக் குழப்பமே கிடையாது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே?

ர., திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

அன்புள்ள ர.,

மகளின் கேள்வி சரி. நீங்கள் சொல்லி வைத்ததுதான் சரியில்லை. 'முதல்' என்ற சொல்லில் ஒன்று எங்கே இருக்கிறது?

முதல் என்றால் தொடக்கம், அடி, வேர். கடைக்காரர் போடுகிற முதலும் அதுதான். ஃபர்ஸ்ட்டும் இதே வகை. 'ஃபோர்' என்றால் முன். எல்லாவற்றுக்கும் முன்னால் இருப்பது ஃபர்ஸ்ட். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரை எண்ணியா கண்டுபிடிக்கிறோம்? பார்த்தாலே தெரிகிறது. அவருக்குப் பின்னால் நிற்பவர்களுக்குத்தான் எண்ணிக்கை வேண்டும்.

செகண்ட் ஆங்கிலச் சொல்லே இல்லை. பழைய ஆங்கிலத்தில் இரண்டாவதைக் குறித்தது இன்றைய 'அதர்' என்ற சொல்லின் மூத்த வடிவம். அதாவது, மற்றது. இரண்டு பேர் இருந்தால் சரி, ஐந்து பேர் நிற்கும்போது மற்றவர் யார்? 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. செகண்ட் அப்படி வந்ததுதான். அதன் லத்தீன் மூலத்துக்குப் 'பின்தொடர்வது' என்று பொருள். ஆனாலும் அதர் முழுசாகப் போய்விடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதை இன்றைக்கும் 'எவ்ரி அதர் டே' என்கிறார்கள். நம் மறுநாள், மறுமணம் இவற்றில் இருக்கும் 'மறு'வும் அதே வேலையைத்தான் செய்கிறது.

எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. 1690இல் உங்கள் ஊர் டேவிட் கோட்டையை வாங்கி உட்கார்ந்த ஆங்கிலேயர், பின்னாளில் எங்கள் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரோடு மல்லுக்கு நின்றபோதும், இரண்டாவது பீரங்கி என்று சொல்ல எதிரி பாஷையில் கடன் வாங்கிய சொல்லைத்தான் நம்பியிருந்தார்கள்.

தேர்டு நேரடியாகத் த்ரீயிலிருந்து வந்ததுதான். 'ர்' மட்டும் இடம் மாறிவிட்டது. தசையைச் சதை என்றும் குதிரையைக் குருதை என்றும் சொல்கிற நமக்கு இதைக் குறை சொல்லத் தகுதியில்லை.

வரிசை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வருஷம் 'ஆறாவது' என்றாள், அடுத்த வருஷம் 'ஐந்தாவது' என்றாள். ஐயோ, பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டார்களே என்று நான் துக்கம் விசாரிக்கப் போய்விட்டேன்! அவர்கள் மேல்வகுப்புகளைத் தலைகீழாகத்தான் எண்ணுகிறார்கள். ஆறு, ஐந்து, நான்கு என்று இறங்கி ஒன்றுக்கு வந்து, அதற்கும் மேல் ஒரு கடைசி வகுப்பு.

அப்புறம், மகளுக்காக ஒரு வக்காலத்து. 21க்கு வரும்போது ஆங்கிலம் மறுபடி ஃபர்ஸ்ட்டைத்தான் ஒட்டுகிறது, ட்வென்டி ஃபர்ஸ்ட் என்று. தமிழ் அப்படிச் செய்வதில்லை. இருபத்தோராம் நூற்றாண்டு என்கிறோம், இருபத்து முதலாம் நூற்றாண்டு என்று யாரும் சொல்வதில்லை. பிரெஞ்சிலும் 'வேன்தே யூனியெம்'தான். 'யூன்' என்றால் ஒன்று, 'இயெம்' என்பது நம் 'ஆம்' மாதிரி ஒரு வால். அவள் எழுதிய ஒன்த் அச்சாக இதுதான். டூத்துக்கும் பிரெஞ்சில் 'தூசியெம்' இருக்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்களே, ஒன்றாம் வகுப்பு, அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் என்ன வரும்?