மகள் 'சட்ஸ்பா' என்று வாசித்தாள்

கேள்வி: ஆங்கிலப் பத்திரிகையில் 'ஹுட்ஸ்பா' என்று ஒரு சொல். மகள் அதை 'சட்ஸ்பா' என்று வாசித்தாள். அகராதியில் பார்த்தால் ஒன்றுக்கு மேல் ஸ்பெல்லிங் இருக்கிறது. எது சரி, அர்த்தம் என்ன?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: மகளைத் திட்டாதீர்கள். சி, எச் என்று தொடங்கும் சொல்லை வேறு எப்படி வாசிப்பாள்? இது யிடிஷ் சொல். யிடிஷ், மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழி. அடிப்படை ஜெர்மன் குடும்பத்துப் பேச்சு, அதற்குள் ஹீப்ரூவும் போலிஷ் மாதிரி ஸ்லாவிய மொழிகளும் கலந்து கிடக்கும், ஆனால் எழுதுவது ஹீப்ரூ எழுத்தில், வலமிருந்து இடமாக. நம் முஸ்லிம் வீடுகளில் பழைய அரபுத் தமிழ்ப் புத்தகங்களை, அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழை, பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆகவே ஆங்கிலத்தில் இருக்கும் எந்த ஸ்பெல்லிங்கும் மூல ஸ்பெல்லிங் இல்லை, காதில் விழுந்ததை அவரவர் எழுதிவைத்ததுதான். உங்கள் வெள்ளவத்தையையே ஆங்கிலத்தில் ஒரு பலகையில் 'இ' போட்டு முடிக்கிறார்கள், இன்னொன்றில் 'ஏ' போட்டு முடிக்கிறார்கள், இரண்டுக்கும் கடிதம் வந்து சேர்கிறது அல்லவா?

முதல் ஒலி தொண்டையில் உரசி வரும். 'அகம்' என்று சொல்லும்போது நடுவில் வரும் 'க'வை இன்னும் கொஞ்சம் உரசினால் கிட்டத்தட்ட அதுதான். அர்த்தம், நெஞ்சழுத்தம். தாய் தகப்பனைக் கொன்றவன் கோர்ட்டில் நின்று "ஐயா, நான் அநாதை, இரக்கம் காட்டுங்கள்" என்றானாம், அதுதான் ஹுட்ஸ்பா என்பது பழைய பகிடி. யிடிஷில் இது பெரும்பாலும் வசவு. அமெரிக்கர்கள்தான் அதைப் பாதிப் பாராட்டாக்கிவிட்டார்கள்.

கேள்வி: 'ஷ்லெப்' என்பதை எஸ்-சி-எச் என்று தொடங்குவதா, எஸ்-எச் போதுமா?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: இதுவும் யிடிஷ் சொல்தான், இரண்டு ஸ்பெல்லிங்கும் புழக்கத்தில் இருக்கின்றன. எஸ்-சி-எச் ஜெர்மன்காரர் பழக்கம், ஆங்கிலத்தில் அதுவே அதிகம் ஒட்டிக்கொண்டது. யீவோ என்று ஒரு யிடிஷ் ஆய்வு நிறுவனம், 1925இல் வில்னாவில் (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) தொடங்கி 1940இல் நியூயோர்க்குக்குப் போனது, அவர்கள் முறைப்படி எஸ்-எச். ஆனால் அகராதிக்காரர்கள் நிறுவனத்தைக் கேட்டு எழுதுவதில்லை, ஜனங்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்து எழுதுகிறார்கள்.

இதில் 2013இல் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்க தேசிய ஸ்பெல்லிங் போட்டியில் 13 வயது அரவிந்த் மகாங்காளி, நியூயோர்க்கில் வளர்ந்த இந்திய வம்சாவளிப் பையன், கடைசியாக எழுத்துக்கூட்டிய சொல் 'க்னேடல்', சூப்பில் போடும் மாவு உருண்டை. முந்தைய 2 வருடமும் ஜெர்மன் வழிச் சொல்லில் சறுக்கி மூன்றாம் இடத்தில் நின்றவன். கே-என்-ஏ-ஐ-டி-இ-எல் என்றான், கோப்பை அவனுக்கு. அப்புறம் யிடிஷ் தெரிந்தவர்கள் கிளம்பினார்கள், யீவோ முறையில் அது கே-என்-இ-ஒய்-டி-எல் ஆயிற்றே என்று. பையன் சொன்னது போட்டி அகராதியில் இருந்தது, அதனால் அவன் சரி. என்னைக் கேட்டால் யீவோவும் சரி.

சரி, ஷ்லெப் என்றால் பாரத்தை இழுத்துக்கொண்டு அலைவது. புறக்கோட்டையில் சாமான் வாங்கி, இரண்டு கையிலும் பையோடு 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கியிருந்தால் உங்களுக்கு விளக்கமே தேவையில்லை.

கேள்வி: 'மென்ஷ்' என்றால் வெறும் மனிதன் தானே?
(வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: ஜெர்மனில் அவ்வளவுதான். யிடிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது நேர்மையானவன், நம்பத் தகுந்தவன் என்ற பொருளோடு. "அவனல்லவா மனுசன்!" என்கிறோமே, அந்த மனுசன். "என்ரை மனுசன்" என்று கணவரைச் சொல்கிறோமே, அது வேறு, இரண்டும் ஒருவராக அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மச்சான் போனில் என்னை 'ஷ்மக்' என்கிறான். தேடிப் பார்த்தால் ஜெர்மன் மொழியில் நகை என்று போட்டிருக்கிறது. பாராட்டுகிறானா?
(வாசகர், தெஹிவளை)

பதில்: இல்லை. ஜெர்மனில் நகைதான், ஆனால் மச்சான் பேசுவது ஜெர்மன் இல்லை. யிடிஷில் அது ஆண்குறிக்கான கெட்ட வார்த்தை. அமெரிக்க ஆங்கிலத்தில் காரம் குறைந்து 'மடையன்' அளவுக்கு வந்துவிட்டது, அவன் நினைத்ததும் அதுவாகத்தான் இருக்கும். யிடிஷ் பேசி வளர்ந்த முதியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் மட்டும் வாயை அடக்கச் சொல்லுங்கள்.