2015ஆம் ஆண்டு அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை டயானா டௌராசி ரஷ்யப் பணத்துக்காகச் சொந்த நாட்டு அணியைக் கைவிட்டாரா?

கைவிடவில்லை. 2015ஆம் ஆண்டுக் கோடையில் அவர் அமெரிக்காவில் தாம் ஆடிவந்த ஃபீனிக்ஸ் மெர்க்குரி அணிக்கு ஆடவில்லை என்பதும், அப்படி ஆடாமல் ஓய்வெடுப்பதற்கு ரஷ்யாவின் யெகாத்தரின்பூர்க் நகரக் குழு அவருக்குப் பணம் கொடுத்தது என்பதும் உண்மைதான். ஆனால் இந்த இரண்டு செய்திகளை மட்டும் வைத்து அவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று சொல்வது, கல்லூரியை விட்டு வெளியே வந்த நாள் முதல் அவர் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களையும் எப்படிக் கழித்தார் என்று பார்க்காமல் வழங்கும் தீர்ப்பு. கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியவள் என்ற முறையிலும், அவருடைய ஆட்டத்தைப் பல ஆண்டுகள் விடாமல் பார்த்தவள் என்ற முறையிலும் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கலிபோர்னியாவின் சீனோ என்ற ஊரில், அர்ஜென்டினாவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் வளர்ந்த டௌராசி, 2000ஆம் ஆண்டு நாட்டின் மறுகோடியில் உள்ள கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2002இல் அந்த அணி ஆடிய 39 ஆட்டங்களிலும் வென்று தேசியப் பட்டத்தைப் பெற்றது. அந்த அணியின் முதல் ஐவரில் சூ பேர்ட் உள்ளிட்ட நால்வர் அதோடு படிப்பை முடித்துச் சென்றுவிட, எஞ்சியவர் டௌராசி ஒருவரே. புதியவர்களை வைத்துக்கொண்டு 2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இறுதி ஆட்டத்தில் டென்னசி பல்கலைக்கழகத்தை வீழ்த்திப் பட்டத்தைத் தக்கவைத்ததுதான் அவருடைய கல்லூரிக் காலத்தின் உண்மையான சாதனை என்பது என் கருத்து. எப்படி வெல்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்குப் பயிற்றுநர் ஜீனோ ஆரியெம்மா, தம்மிடம் டயானா இருக்கிறார், எதிரணியிடம் இல்லை என்றே பதில் சொன்னார். அந்த நான்கு ஆண்டுகளில் அரங்குகள் நிரம்பின, தொலைக்காட்சியில் ஆட்டங்கள் ஒளிபரப்பாயின. ஆனால் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்டக்கூடாது என்ற விதி 2021 வரை நீடித்ததால், அவருக்குக் கிடைத்தது படிப்புக்கான உதவித்தொகை மட்டுமே.

2004ஆம் ஆண்டு, அமெரிக்கப் பெண்களின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் அணிகள் புதுமுகங்களை எடுக்கும் தேர்வில், முதல் ஆளாக ஃபீனிக்ஸ் அவரை எடுத்தது. நாட்டிலேயே முதலிடம் பெற்ற அந்தப் புதுமுகத்துக்கு முதல் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 40,000 டாலர். அப்போதெல்லாம் இந்த லீக் மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வாக்கில் முடிந்துவிடும். ஐரோப்பிய லீக்குகளோ அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை நடப்பவை. இரண்டு அட்டவணைகளும் ஒன்றோடொன்று மோதாமல் இருந்ததால், அமெரிக்க வீராங்கனைகளுக்கு வெளிநாட்டுக் குழு என்பது ஆண்டின் மற்றொரு பாதியாகவும், பெரும்பாலோருக்குச் சம்பளத்தின் பெரும்பகுதியாகவும் ஆனது. ஒரு ஐரோப்பியக் குழு எத்தனை வெளிநாட்டவரை ஆடவைக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அதனால் சிலர் வேறு நாட்டுக் குடியுரிமைகூடப் பெற்றார்கள். சூ பேர்ட் 2006இல் இஸ்ரேலியக் குடியுரிமை பெற்றது அப்படித்தான்.

டௌராசி முதலில் மாஸ்கோவின் டைனமோ அணிக்கும், 2006 முதல் மாஸ்கோவை அடுத்த ஸ்பார்ட்டாக் அணிக்கும் ஆடினார். ஸ்பார்ட்டாக்கின் புரவலர் ஷப்தாய் கல்மனோவிச் என்ற தொழிலதிபர். சோவியத் உளவாளி என்ற குற்றச்சாட்டில் இஸ்ரேலில் சிறை சென்று மீண்டவர். அந்தக் குழுவை நடத்தியது நுழைவுச்சீட்டு விற்பனையோ ஒளிபரப்பு உரிமமோ அல்ல, பெண்கள் கூடைப்பந்தின் மேல் ஒரு செல்வந்தருக்கு இருந்த பற்று. அமெரிக்காவில் சாதாரணப் பயணிகள் விமானத்தில் நெருக்கியடித்துப் பயணம் செய்த இந்தப் பெண்களை அவர் பெரிய வீட்டில் தங்கவைத்து, நட்சத்திர வீரர்களுக்கு உரிய மதிப்போடு நடத்தினார். 2007 முதல் தொடர்ந்து நான்கு முறை ஐரோப்பிய லீக் பட்டம் ஸ்பார்ட்டாக்குக்குக் கிடைத்தது. 2009 நவம்பரில் மாஸ்கோ நகருக்குள் தம் காரில் சென்றுகொண்டிருந்தபோது கல்மனோவிச் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்காவது பட்டம் அவர் இறந்த பிறகு, 2010இல் வந்தது. ஒற்றை மனிதரின் விருப்பத்தின் மேல் நிற்கும் வேலை எவ்வளவு நிலையற்றது என்பதை இதைவிடக் கொடுமையாக யாரும் கற்றிருக்க முடியாது.

அடுத்துத் துருக்கி. 2010 டிசம்பரில் ஃபெனர்பாச்சே அணியில் இருந்தபோது, ஊக்கமருந்துச் சோதனையில் மோடாஃபினில் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததாக அறிவிக்கப்பட்டு, அவருடைய ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. தாம் அதை உட்கொள்ளவே இல்லை என்று அவர் சொன்னார். 2011 பிப்ரவரியில் அங்காராவிலிருந்த ஆய்வகம் தன் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, அவர் மீதிருந்த பழி நீங்கியது. அந்த இரண்டு மாதங்களில் அவர் பட்ட அவமானத்தை எண்ணினால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. அப்படியிருந்தும் அடுத்த பருவத்தில் கலாத்தாசராய் அணிக்காக அதே நாட்டுக்கு அவர் திரும்பிச் சென்றார்.

2012இல் அவர் சேர்ந்த யெகாத்தரின்பூர்க் குழு, செம்பு உருக்கும் பெருநிறுவனம் ஒன்றின் பணத்தில் இயங்கியது. அங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 15 லட்சம் டாலர் என்று செய்திகள் வந்தன. ஃபீனிக்ஸ் கொடுக்கக்கூடிய உச்ச வரம்போ 1,07,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. 2014 கோடையில் ஃபீனிக்ஸ் 34 ஆட்டங்களில் 29ஐ வென்று பட்டமும் பெற்றது. அடுத்த கோடைக்கு முன் யெகாத்தரின்பூர்க் குழு அவரிடம், ஃபீனிக்ஸ் தரும் சம்பளத்துக்கு மேலாகவே தருகிறோம், நீங்கள் ஓய்வெடுங்கள் என்றது. அவர் ஒப்புக்கொண்டார். ரசிகர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஆண்டு முழுவதும் ஆடிக்கொண்டே இருப்பது உடலைத் தேய்த்துவிடுகிறது என்பதை அவர் மறைக்காமல் சொன்னார்.

நான் ஆடியதெல்லாம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் மட்டுமே. ஐந்து நாள் தொடர் ஒன்று முடிந்தால், படிக்கட்டில் இறங்கும்போது முழங்கால் வலிக்காமல் இருக்க எனக்கு இரண்டு வாரம் ஆகும். டௌராசியோ பதினோரு ஆண்டுகள் ஒரு லீக்கை முடித்த கையோடு அடுத்த லீக்குக்கு விமானம் ஏறியவர். 2007இலும் 2009இலும் இளவேனிலில் ஐரோப்பியப் பட்டம், இலையுதிர் காலத்தில் அமெரிக்கப் பட்டம் என்று ஒரே ஆண்டில் இரண்டையும் வென்றவர். இடையில் ஒலிம்பிக் கோடைகள் வேறு. அந்த உடலுக்கு ஒரு கோடை ஓய்வு வாங்கித் தர ரஷ்யக் குழு முன்வந்தது, அமெரிக்க லீக்கால் அது முடியவில்லை. கேள்வி கேட்கப்பட வேண்டியது லீக்கைத்தான், அவரை அல்ல.

லீக்கும் அதை உணர்ந்தது என்றே நினைக்கிறேன். வீராங்கனைகளோடு லீக் செய்துகொண்ட 2020 ஒப்பந்தத்தில் உச்ச அடிப்படைச் சம்பளம் 2,15,000 டாலராக உயர்ந்தது. கூடவே, ஐரோப்பாவிலிருந்து தாமதமாகத் திரும்புவோரைத் தண்டிக்கும் விதியும் வந்தது. 2022 பிப்ரவரியில், ஃபீனிக்ஸிலும் யெகாத்தரின்பூர்க்கிலும் டௌராசியோடு ஆடிய பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகி, அந்த ஆண்டு டிசம்பரில்தான் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானார். உக்ரைன் போரும் தொடங்கிவிட, அமெரிக்க வீராங்கனைகளின் ரஷ்யப் பயணம் ஏறக்குறைய நின்றுபோனது. குளிர்காலத்தில் தாயகத்திலேயே ஆடிச் சம்பாதிக்க, பிரியானா ஸ்டூவர்ட்டும் நஃபீசா காலியரும் நிறுவிய அன்ரைவல்ட் லீக் 2025 ஜனவரியில் மயாமியில் தொடங்கியது.

அதற்கு அடுத்த மாதம் டௌராசி ஓய்வை அறிவித்தார். ஏதென்ஸ் முதல் பாரிஸ் வரை ஆறு ஒலிம்பிக் தங்கங்கள், டபிள்யூ.என்.பி.ஏ.வில் 20 பருவங்கள், 10,646 புள்ளிகள். அத்தனை புள்ளிகளையும் அவர் எடுத்தது, கைவிட்டாரா என்று நீங்கள் கேட்கும் அதே ஃபீனிக்ஸ் அணிக்காகத்தான்.