மடக்கு ஷவல் வாங்குமுன் அதன் கழுத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: நண்பர்களோடு கூடாரம் அடித்துத் தங்கும் பழக்கம் உண்டு. சில தடவை காரில் போவோம்; சில தடவை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் நடப்போம். பையில் அடங்கும் ஷவல் ஒன்று வாங்கலாம் என்று தேடினால் கத்தி, ரம்பம், விசில், திசைகாட்டி எல்லாம் சேர்ந்த மாடல்கள்தான் கண்ணில் படுகின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

நீங்கள் சொல்லும் இரண்டு வகைப் பயணத்துக்கும் ஒரே ஷவல் சரிப்படாது. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டால் தேடல் பாதி முடிந்துவிடும்.

நடந்து போகும்போது மண் தோண்டும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: கழிப்பிடக் குழி. ஆழம் 15 முதல் 20 செ.மீ., அகலம் 10 முதல் 15 செ.மீ. இருந்தால் போதும். நீர்நிலை, நடைபாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளித் தோண்ட வேண்டும். ஏறக்குறைய 80 எட்டு நடக்கும் தூரம். மட்கு நிறைந்த மேல்மண்ணில்தான் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதிகம், அதனால் அதற்கும் கீழே தோண்டுவதில் லாபம் இல்லை. மேலோட்டமாக மூடினாலோ விலங்குகள் கிளறிவிடும். இந்த வேலைக்கு மடக்கு ஷவலே வேண்டாம், மண் தோண்டும் சிறிய கைக்கரண்டி ஒன்று போதும். மெல்லிய அலுமினியக் கரண்டிகள் 20 கிராம் அளவிலேயே கிடைக்கின்றன. கெட்டி பிளாஸ்டிக்கில் செய்தவையும் பெரும்பாலும் 100 கிராமுக்குள் அடங்கும். இரும்பு மடக்கு ஷவலோ ஒரு கிலோவைத் தொடும். இரண்டு நாள் மேடு ஏறி இறங்கும்போது அந்த ஒரு கிலோவின் இடத்தில் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள்.

அலுமினியக் கரண்டியின் விளிம்பு உள்ளங்கையை அறுக்கும். கைக்குட்டையைச் சுற்றிப் பிடியுங்கள். மண் இறுகிக் கிடந்தால் முதலில் ஒரு கூர்மையான குச்சியால் குத்தி இளக்கிவிட்டு, அப்புறம் கரண்டியால் அள்ளுங்கள்.

சரி, காரில் போகும் பயணத்துக்கு வருவோம். இங்கே எடை பிரச்சினை இல்லை, உறுதிதான் முக்கியம். மடக்கு ஷவலில் தகடு உடைவது அபூர்வம். போவது கழுத்துதான், அதாவது தகடும் பிடியும் சேரும் இடம். தகட்டை மண்ணில் குத்தி நெம்பும்போது முழு விசையும் அங்கேதான் வந்து விழுகிறது. அதனால் ஒரு ஷவலைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

ராணுவப் பாணி மூன்று மடிப்பு ஷவல் இதற்கு நல்ல உதாரணம். மடித்தால் சுமார் 24 செ.மீ., விரித்தால் சுமார் 60 செ.மீ. கழுத்தில் ஒரு திருகு வளையம் இருக்கும். அதை இறுக்கினால் தகடு நேராக நிற்கும். தளர்த்தி 90 பாகையில் மடக்கி மறுபடி இறுக்கினால் மண்வெட்டி போலக் கொத்தி இழுக்கலாம். கெட்டி மண்ணில் நேராகக் குத்துவதைவிட இப்படிக் கொத்துவதே சுலபம். ஆகவே 90 பாகையில் பூட்டாத மாடலை வாங்காதீர்கள். கடையில் விரித்து, வளையத்தை நன்றாக இறுக்கி, தகட்டின் நுனியைத் தரையில் ஊன்றிப் பக்கவாட்டில் முறுக்கிப் பாருங்கள். புதிதாக இருக்கும்போதே கழுத்து ஆடினால் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். அந்த ஆட்டம் கூடத்தான் செய்யும், குறையாது. இணையத்தில் வாங்கினால் வந்த அன்றே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

நீங்கள் பார்த்த கத்தி, ரம்ப மாடல்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் பிடி உள்ளே காலியான குழாய்த் துண்டுகளைத் திருகிச் சேர்த்தது. ஒவ்வொரு திருகுமரையும் ஒரு பலவீனம். நெம்பும் விசையைத் தாங்க மரை ஏற்றதல்ல. மணல் உள்ளே புகுந்தால் கழற்றவும் முடியாது, சரியாக இறுக்கவும் முடியாது. கத்தி வேண்டுமென்றால் ஷவலைப் பிரிக்க வேண்டும், பிரித்தால் தோண்ட முடியாது. நல்ல கத்தி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வதே மேல். இணைப்பு குறையக் குறைய ஷவல் நீடிக்கும் என்பதுதான் என் கணக்கு. ஒன்றுக்குள் ஒன்று சொருகி ஊசியால் (பின்) பூட்டும் இரண்டு துண்டுப் பிடி நல்ல தேர்வு. காரில் இடமிருந்தால் மடங்காத குட்டி ஷவல் அதைவிட நல்லது.

தகட்டுக்கு வெப்பப்பதம் செய்த, அதாவது சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கிய, கார்பன் ஸ்டீல் போதும். சுமார் 2 மி.மீ. தடிமனும், நடுவில் அழுத்தி எடுத்த வரிப்பள்ளமும் இருந்தால் எளிதில் வளையாது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான்; மணலுக்கும் பனிக்கும் அது அருமை, ஆனால் கல் பட்டால் விளிம்பு நசுங்கிவிடும். கெட்டி மண்ணுக்குக் கூர்முனை, மணலும் சாம்பலும் அள்ளத் தட்டையான முனை.

ரம்பப்பல் விளிம்பு வேரை அறுக்க உதவும். உறை இல்லாமல் வைத்தால் பையையும் கிழிக்கும், விரலையும் கிழிக்கும். உறையோடு வருகிறதா என்று பாருங்கள்.

நீளத்தையும் யோசியுங்கள். 60 செ.மீ. ஷவலை முட்டி போட்டுத்தான் பயன்படுத்த முடியும். சேற்றிலோ மணலிலோ கார் சிக்கிவிடுமோ என்பதுதான் உங்கள் கவலையென்றால் அது பற்றாது, வண்டிக்கு அடியில் எட்டாது. 80 செ.மீ.க்கு மேல் நீளும் இரண்டு துண்டு ஷவலை எடுங்கள். பனிச்சரிவு அபாயமுள்ள மலைக்குப் போவதாக இருந்தால் கணக்கே வேறு. அங்கே அதற்கென்றே செய்த, உலோகத் தகடுள்ள பனிச்சரிவு மீட்பு ஷவல்தான் வேண்டும். மடக்கு ஷவல் அதற்கு மாற்றல்ல.

ஷவல் கையில் இருப்பதாலேயே பலர் செய்யும் இரண்டு காரியங்களைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒன்று, முகாம் நெருப்பை மண் போட்டு மூடுவது. மண்ணுக்கு அடியில் கங்கு வெகுநேரம் கனிந்துகொண்டே இருக்கும். வேர்கள் வழியாகப் பரவவும் கூடும். தண்ணீர் ஊற்றுங்கள், ஷவலால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடே தெரியக் கூடாது. அதுவரை அங்கிருந்து நகர வேண்டாம். இரண்டாவது, கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவது. அடுத்த மழையில் மண் அரித்துப்போக அதுவே வழி செய்துவிடும். சற்று மேடான, நீர் வடியும் இடமாகப் பார்த்துக் கூடாரம் அடித்தால் வாய்க்காலே தேவைப்படாது.

பராமரிப்பு அதிகம் இல்லை. கழுவி, துடைத்து, காயவிட்டு, திருகு வளையத்திலும் மடிப்பிலும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். முனை மழுங்கினால் அரத்தால் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டினால் போதும். விமானத்தில் போவதானால் கைப்பையில் வேண்டாம், சரக்குப் பெட்டியில் வையுங்கள். மண் ஒரு துளிகூட ஒட்டியிராமல் கழுவிவிட்டு வையுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பயன்படுத்திய முகாம் சாமான்களை நுழைவிடத்திலேயே அறிவிக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவைப்பார்கள்.