முருங்கைக்கீரையும் பரு மாத்திரையும் ஒன்றா?

கேள்வி: வயது 24. திருமணமாகி நான்கு மாதம் ஆகிறது. முகப்பருவுக்குத் தோல் மருத்துவர் ஐசோட்ரெட்டினாயின் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது வைட்டமின் ஏ வகையாம். வேறு வைட்டமின் ஏ மாத்திரை கூடாதாம். எங்கள் வீட்டில் வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை. அதை நிறுத்தணுமா? இல்லை, மாத்திரையை விட்டுவிட்டுக் கீரையையே நிறையச் சாப்பிட்டால் பரு போய்விடுமா? (வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: கீரையை நிறுத்த வேண்டாம். ஆனால் கீரையால் பரு போகாது.

முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காயில் இருப்பது பீட்டா கரோட்டின். அதிலிருந்துதான் உடம்பு வைட்டமின் ஏ செய்துகொள்கிறது. குடலின் உட்சுவரில் ஒரு நொதி அதை நடுவில் வெட்டும்; ‘ரெட்டினால்’ என்ற வைட்டமின் ஏ வடிவம் கிடைக்கும். அது ‘ரெட்டினோல்’ என்ற இன்னொரு வடிவமாகி, கொழுப்போடு சேர்ந்து கல்லீரலுக்குப் போய்ச் சேமிப்பாகிறது. கீரைக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுத் தாளியுங்கள், எண்ணெய் இல்லாவிட்டால் கரோட்டின் சரியாக உள்ளே ஏறாது. தேவைப்படும்போது கல்லீரல் ரெட்டினோலை ஒரு புரதத்தில் ஏற்றி ரத்தத்தில் அனுப்பும். செல்லுக்குள் அது மறுபடி ரெட்டினாலாகி, கடைசியில் ரெட்டினாயிக் அமிலமாகிறது. அதற்கப்புறம் பழையபடி திரும்ப வழியில்லை.

கண் பார்வைக்கு வேண்டியது ரெட்டினால். தோலுக்கும் வயிற்றில் வளரும் சிசுவுக்கும் சேதி சொல்வது இந்த அமிலம். செல்லின் உட்கருவில் இருக்கும் ஏற்பியை, அதாவது சேதியை வாங்கும் புரதத்தைப் பற்றிக்கொண்டு, எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும் என்று அது உத்தரவிடுகிறது. வேலை முடிந்ததும் வேறொரு நொதி அதைச் சிதைத்துவிடும்.

இந்தப் பாதை நெடுகக் காவல் உண்டு. உடம்பில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருந்தால், குடல் நொதி வெட்டுவதையே குறைத்துக்கொள்ளும். தினமும் ஏகத்துக்குக் கேரட் சாப்பிடுபவர்களுக்கு உள்ளங்கை மஞ்சளாகும், ஆனால் கண்ணின் வெண்மை அப்படியே இருக்கும். காமாலையில் கண்ணும் மஞ்சளாகும். அந்த உள்ளங்கை மஞ்சள் வெட்டப்படாத கரோட்டின்தான், நஞ்சு இல்லை.

உங்கள் மாத்திரையோ ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வடிவம். முன்னால் இருக்கும் காவல் எதையும் கடக்காமல் நேரே கடைசிப் படிக்கு வந்துவிடுகிறது. எண்ணெய்ச் சுரப்பிகளை அது சுருக்குவதால்தான் பரு அடங்குகிறது. ஆனால் கருவில் இருக்கும் சிசுவின் மூளை, இதயம், முகம் உருவாகும் நேரத்தில் இந்த உத்தரவு தவறிப் போனால் பெரும் ஊனம் வரும்.

எனக்குக் கவலை கீரை பற்றியே இல்லை அம்மா, அந்த நான்கு மாதம் பற்றித்தான். திருமணமானதைத் தோல் மருத்துவரிடம் சொன்னீர்களா? மாத்திரை தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை அவசியம். சாப்பிடும் காலம் முழுக்கவும், நிறுத்தி ஒரு மாதம் வரையும் கருத்தடை தவறவே கூடாது. நாள் தள்ளிப்போனால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஆட்டு ஈரலும் மீன் ஈரல் எண்ணெயும் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அவற்றில் இருப்பது தயார் நிலையில் உள்ள வைட்டமின் ஏ. மத்திக் குழம்பு தாராளமாகச் சாப்பிடலாம். மிச்சமாகும் மாத்திரையைத் தங்கைக்கோ தோழிக்கோ தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.