விடுதி அறையில் நீச்சலுடையைக் காயவைப்பது எப்படி? கேள்விகளும் பதில்களும்

நீச்சல் போட்டிகளுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, ஊர் ஊராக விடுதிகளில் தங்கிய பயிற்சியாளர் நான். ஓர் அறைக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு ஈர உடை, காலை ஆறு மணிக்கு மறுபடியும் குளம் என்று வாழ்ந்த அனுபவத்திலிருந்து, உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கோவளத்தில் கடலில் குளித்துவிட்டு வந்து குளியலறையில் தொங்கவிட்ட நீச்சலுடை, இரண்டு நாள் ஆகியும் பிசுபிசுப்பாகவே இருந்தது. துணி மட்டமானதா, ஐயா?

துணியின் மேல் குற்றமில்லை, அம்மா, உப்புதான் காரணம். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் ஆவியான பின்னும் அந்த உப்பு இழைகளுக்கிடையே தங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் அடுக்களை உப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்போடு கலந்திருக்கும் மக்னீசிய உப்புகளுக்கோ அந்த அளவு ஈரப்பதம்கூடத் தேவையில்லை. ஆகவே கடலோர ஊரில், அலசாத நீச்சலுடை எத்தனை நாள் தொங்கினாலும் முழுமையாகக் காயாது. அறைக்கு வந்தவுடன் குழாய் நீரில் இரண்டு முறை அலசி எடுங்கள். குளத்தில் நீந்தியவர்களும் இவ்வாறே செய்ய வேண்டும். குளோரின் தங்கினால் துணியின் இழுவை போய்விடும். இன்னொன்று, நீங்கள் தேர்ந்தெடுத்த குளியலறைதான் அந்த அறையிலேயே மிகுந்த ஈரமுள்ள இடம்.

கேள்வி: நன்றாக முறுக்கிப் பிழிந்தால் சீக்கிரம் காயாதா?

காயும்; ஆனால் அந்த உடை அடுத்த ஆண்டு உங்களுக்கு உதவாது. லைக்ரா என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஸ்பான்டெக்ஸ் இழைதான் நீச்சலுடையை உடலோடு ஒட்டி நிற்கவைக்கிறது. அது நன்றாக நீளும் இழைதான் என்றாலும், ஈரத்தோடு மீண்டும் மீண்டும் முறுக்கினால் தளர்ந்துவிடும். பிழிவதை விட ஒற்றி எடுப்பதே நல்லது. உலர்ந்த துவாலையை விரித்து, அதன் மேல் உடையைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, அதன் மேல் முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். எங்கள் பிள்ளைகள் அதன் மேல் ஏறி நின்றே விடுவார்கள். நைலானும் பாலியெஸ்டரும் பருத்தியைப் போல நீரைத் தமக்குள் உறிஞ்சுவதில்லை. நீரில் பெரும்பகுதி நூலிடுக்குகளில்தான் நிற்கிறது என்பதால் துவாலை அதை எளிதில் இழுத்துக்கொள்ளும். உள்ளே பஞ்சுத் திண்டு வைத்த உடையானால் அந்த இடத்தை மட்டும் மறுமுறை ஒற்றுங்கள். கடைசியில் காய்வது அதுதான்.

கேள்வி: அறையில் ஏசி இருக்கிறது. அதைப் போடலாமா, மின்விசிறி போதுமா?

இரண்டும் வேண்டும். ஏசி காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள ஈரம் நீராகித் தனிக் குழாய் வழியே வெளியேறுகிறது; அவ்வாறு வறண்ட காற்றை மின்விசிறி துணியின் மேல் ஓடவைக்கிறது. ரிமோட்டில் நீர்த்துளிப் படம் இருந்தால் அந்த நிலையில் வையுங்கள். உடையைச் சுவரோடு ஒட்டாமல், காற்று இருபுறமும் படும்படி ஹேங்கரில் மாட்டி, அறையின் நடுவே தொங்கவிடுங்கள். மரநாற்காலியின் முதுகில் போட்டால் சாயம் இறங்கிக் கறை விழலாம். அதற்கான கட்டணத்தை அறையைக் காலி செய்யும்போது கேட்பார்கள். அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும் அறைகளில் நாம் வெளியே போனதும் எல்லாம் நின்றுவிடும் என்பதால், மாலையிலேயே அலசி, உறங்கும் நேரத்தில் காயவிடுவதே சரி.

கேள்வி: ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி?

இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. ஹேர் டிரையரைக் குளிர் காற்றில் வைத்து, கையில் பிடித்தபடி சிறிது நேரம் காட்டலாம். உடைக்குள் நுழைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். மேசை விளக்கின் மேலும் போட வேண்டாம். இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து, கூரையில் தெரியும் தீயணைப்பு நீர்த்தெளிப்பானில் ஹேங்கரை மாட்டுவது. அதிலுள்ள சிறு கண்ணாடிக் குமிழ், பொதுவாக 68 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உடைவதற்கென்றே அமைந்தது. ஹேங்கர் இடித்து அது உடைந்தாலும் நீர் கொட்டும், எளிதில் நிற்காது.

கேள்வி: நாங்கள் குற்றாலம் போகிறவர்கள். நீச்சலுடை எல்லாம் இல்லை, வேட்டியும் சுடிதாரும்தான். சாரல் காலத்தில் விடுதியில் எப்படிக் காயவைப்பது?

நேர்மையாகச் சொன்னால், பருத்தி வேட்டி அங்கே ஓரிரவில் காயாது. வெளியிலும் ஈரம், அறையிலும் ஈரம். பல விடுதி அறைகளில் ஏசியும் இருக்காது. அருவிக்கென்று மெல்லிய பாலியெஸ்டர் உடை ஒரு செட் எடுத்துச் செல்லுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தால் சோப்புப் போட்டு அலசாமல் உலர்த்தாதீர்கள். எண்ணெயும் ஈரமும் சேர்ந்த முடைநாற்றம் பெட்டி முழுவதும் பரவிவிடும்.

கேள்வி: காலையில் புறப்பட வேண்டும், உடை இன்னும் ஈரம். என்ன செய்யலாம்?

மறுபடி ஒருமுறை துவாலையில் ஒற்றி, நீங்கள் கொண்டுவந்த உலர்ந்த துண்டில் சுற்றி, அதன் பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டு, பெட்டியின் மேற்புறத்தில் வையுங்கள். அடியில் வைத்தால் வீடு போய்ச் சேர்ந்தும் மறந்துவிடுவீர்கள். மூன்றாம் நாள் பூசணம் பூத்த பிறகுதான் நினைவு வரும். காரில் போகிறவர்கள் பையில் போடாமல் பின்னிருக்கையில் விரித்துவிடலாம், கண்ணாடியோரம் வெயில் படாத பக்கமாக.